அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு கோடு

எங்கள் சமையலறையில் மஞ்சள் கோடு போட வந்த நில அளவையாளர் மரியாதை தெரிந்தவர். "அம்மா, அந்தக் குடத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா" என்று என் மனைவியைக் கேட்டுவிட்டுத்தான் தரையில் தூரிகையை வைத்தார். கோடு பின்சுவரிலிருந்து இறங்கி, அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே புகுந்து, என் அறைக் கதவைப் பாதியாகப் பிளந்துவிட்டு வெளியே போனது.

"அடுப்பு கோட்டுக்கு அந்தப் பக்கம் வருதுங்க. தொட்டி இந்தப் பக்கம்" என்றார். "பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ள நெருப்பு மூட்டக்கூடாது. பாத்திரம் கழுவத் தடையில்ல."

"சமைக்காம எதைக் கழுவறது?" என்றாள் மனைவி.

அவர் விதிப்புத்தகத்தை நேர்மையாகப் புரட்டிப் பார்த்தார். "அதைப் பத்தி ஒண்ணும் போடலைங்க."

கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ளதையெல்லாம் அறுபது நாளில் நாங்களே இடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இடிக்காவிட்டால் அவர்கள் வந்து இடிப்பார்கள். அடுப்பு, அலமாரி, என் அறை, அறைக்குள் இருக்கும் நான், எல்லாம் அந்தப் பக்கம்தான். இதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகு, அந்த அடுப்பில் போட்ட டீயை அவர் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று. அதன் தலையில், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால், யாரோ வட்டமாக அகழி வெட்டி, வெட்டிய மண்ணை உள்பக்கம் கரையாகக் குவித்திருக்கிறார்கள். அகழி, கரை. மறுபடி அகழி, கரை. ஆக இரண்டு சுற்று. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. எதிரியைத் தடுக்கவா, மாட்டை அடைக்கவா, பொழுது போகாமலா என்று நூறு வருஷமாகச் சண்டை நடக்கிறது. இந்தத் துறையில் காரணம் தெரியாத எதையும் 'சடங்கு' என்று எழுதிவிடுவார்கள். எழுதியதும் சண்டை அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிப்போகும்.

கடைசிக் கரையிலிருந்து இருநூறு அடி வரை பாதுகாக்கப்பட்ட பகுதி. இரண்டு சுற்று இருந்தவரை அந்த எல்லை எங்கள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. போன வருஷம் மூன்றாவது சுற்றைக் கண்டுபிடித்தார்கள். எல்லை வேலி தாண்டி, தோட்டம் தாண்டி, சமையலறைக்குள் வந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் ஒரு பேராசிரியர். என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. ஆகையால் இனி 'அவர்' வேண்டாம். மச்சான் என்றே சொல்கிறேன்.

மச்சான் முட்டாள் இல்லை. அதுதான் தொல்லை. குன்றின் வடக்குச் சரிவில், இரண்டாவது அகழிக்கு வெளியே, முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்மேடு புல் மூடிக் கிடக்கிறது. அறுபது தப்படி நீளம், அழகாக வளைந்து போகும். மச்சான் அதில் ஒரு சின்ன வெட்டுப் போட்டுப் பார்த்தான். மண் தலைகீழாக இருந்தது. மேலே இருக்க வேண்டிய கறுப்பு மண் அடியில், ஆழத்தில் இருக்க வேண்டிய களிமண் உச்சியில். 'நிலத்தையே புரட்டிப் போட்டு வாழ்வையும் சாவையும் இடம் மாற்றிய மக்கள்' என்று தன் புத்தகத்தில் பதினொரு பக்கம் எழுதினான். மேட்டுக்குள் கிடைத்த பானை ஓடுகள் ஒன்றுகூட நகத்தைவிடப் பெரிதாக இல்லை. வேண்டுமென்றே நொறுக்கிய சடங்கு என்று ஒன்பது பக்கம். மேட்டின் வளைவு சீராக இடப்பக்கம் திரும்புவதை அளந்து, அந்தக் காலத்து மக்களின் வடிவியல் அறிவு என்று தனி அத்தியாயமே போட்டான். அதில் கிடைத்த கரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினான். மூவாயிரம் வருஷம் என்று பதில் வந்தது.

அறுபது தப்படிதானே, சுற்று எங்கே என்று கேட்பீர்கள். மீதி அழிந்துவிட்டதாம். வரைபடத்தில் அழிந்த பகுதியைப் புள்ளிக்கோடாக வட்டமடித்துக் காட்டியிருந்தான். எங்கள் வீடு தெற்குச் சரிவில். எங்கள் அடுப்பை அணைக்க வந்தது அந்தப் புள்ளிக்கோடுதான்.

இரண்டு சுற்று இருந்தால் அது சாதாரணக் கோட்டை. மூன்று இருந்தால் தலைநகரம். மச்சான் ஓய்வு பெற இன்னும் நாலு மாதம்.

அந்தப் புத்தகத்தை நான் இரண்டு முறை படித்தேன். எல்லாமே உண்மை. மேல்மண்ணை முதலில் வெட்டுவோம், முதலில் கொட்டுவோம், அது அடியில் கிடக்கும். ஆழத்து மண் கடைசியில் வரும், உச்சியில் உட்காரும். பெரிய ஓடுகளைப் பொறுக்கிக் கழுவிப் பெட்டியில் அடுக்கிவிடுவோம். நகத்தளவு ஓடு தப்பி மண்ணோடு போகும். கரி பழைய அகழியிலிருந்து வந்தது, மூவாயிரம் வருஷம் காட்டாமல் என்ன செய்யும்? வடிவியல் அறிவு என்னுடைய தள்ளுவண்டியின் சக்கரம். அது நேராகத் தள்ளினால் இடப்பக்கம் போகும். ஒவ்வொரு முறையும் முந்தின குவியலுக்கு ஒரு முழம் இடப்பக்கமாகவே என்னைக் கொண்டுபோய் நிறுத்தும். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அந்த மூன்றாவது சுற்றைக் கொட்டியவன் நான்.

தோண்டுகிறவர்கள் விசித்திரமானவர்கள். மூவாயிரம் வருஷத்துக் குப்பையை அங்குலம் அங்குலமாக வரைவார்கள். தாங்கள் போட்ட குப்பை எங்கே கிடக்கிறது என்று ஒரு வரி எழுத மாட்டார்கள்.

"நீ சொல்லேன் உன் தம்பிகிட்ட" என்றேன் மனைவியிடம்.

"நான் எப்படிச் சொல்றது? அவன் நாப்பது வருஷமா அந்தக் குன்னே கதின்னு கிடந்தான். இப்பதான் ஒரு நல்ல பேர் வருது. அக்காவே அடுப்புக்காக அதைக் கெடுத்தாள்னு ஆகணுமா?" அவள் கோட்டைத் தாண்டி அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினாள். "நீங்க அங்க வேலை பார்த்தவர்தானே. தெரிஞ்சதைச் சொல்லுங்க. அவன்கூட நின்னு சாப்பிட்ட மனுஷன் நீங்க. நீங்க சொன்னா கேப்பான்."

அவன்கூட நின்னு சாப்பிட்ட மனுஷன். நாற்பத்தொரு வருஷமாக இந்த வீட்டில் நான் தோற்கவிருந்த ஒவ்வொரு சண்டையிலும் என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு வாக்கியம். நான் உடைத்த பாத்திரம், மறந்த மருந்து, அவளுடைய சித்தப்பாவிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை, எல்லாவற்றுக்கும் முடிவில் அவள் பெருமூச்சு விட்டு, "போகட்டும், என் தம்பிகூட நின்னு சாப்பிட்ட மனுஷன்" என்பாள். வழக்கு தள்ளுபடி ஆகும்.

அது இப்படி.

அந்தக் காலத்தில் அங்கே அகழாய்வு நடத்திய இயக்குநரிடம் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. இரும்புக் கால், கித்தான் துணி. முதுகுப்புறத்தில் சிவப்பு வண்ணத்தில் 'யாரும் உட்காரக்கூடாது' என்று எழுதியிருக்கும். எழுதாவிட்டாலும் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டோம். காலையில் அதைக் குன்றுக்குத் தூக்கி வருவது ஒரு மாணவனின் பொறுப்பு. அவன்தான் இன்றைய என் மச்சான்.

ஒருநாள் காலை மூடுபனி. சாதாரண மூடுபனி இல்லை. மண்வெட்டியால் பனியை வெட்டி ஒதுக்கிவிட்டுத்தான் மண்ணைத் தேட வேண்டியிருந்தது. முதல் இரண்டு வண்டி முழுக்கப் பனிதான், அதைக் கொட்டிவிட்டு வந்தேன், நான் சேர்த்துச் சொல்வதில்லை. மண்ணாக முதல் வண்டியைச் சரிவில் கொண்டுபோய்க் கவிழ்த்தபோது 'டங்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். இரண்டு இரும்புக் கால்கள் மண்ணுக்கு வெளியே வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. இயக்குநர் டீ குடிக்கும்போது பார்க்க நல்ல காட்சியாக இருக்கட்டும் என்று அவன் நாற்காலியை அங்கே விரித்து வைத்திருக்கிறான்.

இழுத்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கலாம். அதே சமயம் பனிக்குள்ளிருந்து இயக்குநரின் இருமல் கேட்டது. இருமல் நெருங்க நெருங்க என் கை தானாகப் போய் அடுத்த வண்டியைக் கொண்டுவந்தது. அதற்கடுத்ததையும்.

பனி விலகியபோது நாற்காலி இல்லை. கொண்டுவந்தவன் யார்? இவன். எங்கே வைத்தாய்? அங்கே. அங்கே இல்லையே? இல்லைதான். இயக்குநர் கத்தவில்லை. "நாற்காலி கிடைக்கிற வரைக்கும் நீ உட்காரக்கூடாது" என்றார், அவ்வளவுதான். அளவுகோலைக் கையில் கொடுத்து அகழியின் அடியில் நிறுத்தினார். அந்தப் பருவம் முடிய இருபத்தேழு நாள். இருபத்தேழு நாளும் அவன் நின்றான். சாப்பாட்டையும் நின்றே சாப்பிட்டான். மற்றவர்கள் அவனுக்கு 'அளவுகோல்' என்று பெயர் வைத்தார்கள்.

நான் என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அகழிக்குள் இறங்கி, அவன் பக்கத்தில் நின்று சாப்பிட்டேன். இருபத்தேழு நாளும். உட்கார்ந்தால் தொண்டையில் இறங்கவில்லை, வேறொன்றும் இல்லை. அவன் வீட்டில் போய்ச் சொன்னான். அவனுடைய அக்கா, யார் அந்த மனுஷன் என்று பார்க்கக் குன்றேறி வந்தாள். மீதிக் கதைதான் சமையலறையில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறது.

மறுநாள் குன்றுக்குப் போனேன். நாற்காலியை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வதாக ஏற்பாடு. மச்சான் கூடாரத்தில் இருந்தான். அவனைச் சுற்றி மாணவர்கள்.

"மச்சான், இது கரை இல்ல. நாம தோண்டின மண்ணு. நான் கொட்டினது."

"உட்காருங்க மாமா" என்றான். அவன் எல்லோரையும் முதலில் உட்காரச் சொல்வான். "நாம கொட்டின மண்ணு கிழக்கால கிடக்கு. இயக்குநரோட நோட்டுல தெளிவா இருக்கு, மண் கிழக்கே கொட்டப்படும்னு."

"கொட்டப்படும்னு அவர் எழுதினார். கொட்டினது நான். கிழக்கே ஏத்தம், எவன் தள்ளுவான்?"

"நோட்டுல இல்லையே."

"நோட்டை விடு. நீயும்தான் இருந்தே. பார்க்கலையா?"

"நான் அகழிக்கு அடியில நின்னேன் மாமா. அங்கேருந்து பார்த்தா வானம் மட்டும்தான் தெரியும். மேல யார் எங்க கொட்டினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" வருத்தமில்லாமல் சொன்னான். வருத்தத்தோடு சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்போ நான் சொன்னா ஆதாரம் இல்லையா?"

"நீங்க போன வாரம் இங்க வந்து, ரெண்டு வண்டி மூடுபனி அள்ளிக் கொட்டினதா சொன்னீங்க."

"ஆமா."

"என் பசங்க அதைக் குறிப்பெடுத்து வச்சிருக்காங்க."

ஒரு மாணவி நோட்டைப் புரட்டிப் பக்க எண்ணோடு காட்டினாள். நான் சொன்ன இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. குன்றின் மேல் மதியம் போட்ட தும்மல் மறுநாள் காலை காற்றோடு திரும்பி வந்த சம்பவம்.

"ஒரு பொருளைக் காட்டுங்க மாமா" என்றான் மச்சான். "நீங்க கொட்டின மண்ணுன்னா, அடியில அந்தக் காலத்துப் பொருள் ஏதாவது சிக்கியிருக்கணும். ஒரு பொத்தான் போதும். அந்தப் புள்ளிக்கோட்டை நானே அழிச்சுடறேன்."

பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று இருக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன்.

"சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"சொன்னேன். நம்பலை."

"நம்பற மாதிரி சொல்லியிருக்கணும்" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

நாட்கள் ஓடின. அளவையாளர் வாரம் ஒருமுறை வந்து கோடு அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். தோட்டத்து வாசலில் 'பழந்தலைநகரின் மூன்றாம் சுற்று' என்று ஒரு பலகை நட்டார்கள். பலகையைப் பார்க்க ஒரு பள்ளிக்கூட வண்டி வந்தது. ஆசிரியை என்னைக் காட்டி, "இவங்க எல்லாம் அந்தக் காலத்திலிருந்து இங்கேயே இருக்காங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னார். மறுக்க முடியவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் மனைவி ஒரு நூலை எடுத்து முன்னறையை அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"அடுப்பு இங்க வரும். உங்க கட்டிலை நிமிர்த்தி வச்சா வழி கிடைக்கும்."

"நிமிர்த்தி வச்சா நான் எப்படிப் படுக்கறது?"

"பார்த்துக்கலாம்." பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினாள். தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் மிச்சமிருந்த எட்டு நாளையும் ஓட்டியிருப்பேன். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு. சின்னக் கரண்டியைக்கூடத் துணியில் சுற்றினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மேலே போய் மச்சானிடம் சொன்னேன். "மேட்டோட வலது முனையிலிருந்து நாலு தப்படி. அடிமட்டம் வரைக்கும் தோண்டு."

"என்ன வரும்?"

"வரும்போது பாரு."

மச்சான் இரண்டு நாளில் ஏற்பாடு செய்தான். அளவையாளரையும் கூப்பிட்டிருந்தான். சமையலறை மூட்டையில் இருந்ததால் மனைவிக்கு வேலை இல்லை, அவளும் பிளாஸ்கில் கடை டீயோடு வந்தாள். மாணவர்கள் புல்லைச் சீவி, மண்ணைக் கரண்டியால் வழித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் எண் போட்டு, நிறம் எழுதினார்கள். நான் மூன்று நிமிஷத்தில் கொட்டியதை அவர்கள் ஐந்து மணி நேரத்தில் எடுத்தார்கள்.

முதலில் ஒரு இரும்புக் கால் தெரிந்தது.

மச்சான் மண்டியிட்டான். தூரிகையால் நீவினான். "இரும்பு" என்றான் மெதுவாக. "மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால இரும்பு." இன்னொரு காலும் தெரிந்தது. பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரம். "இது இருக்கை. கரைக்கு அடியில, தலைகீழா. முடி இழந்த ராஜாவோட இருக்கையைக் கவிழ்த்து வச்சு, அதுக்கு மேல கரை எழுப்பியிருக்காங்க." மாணவி எழுதினாள். கால் மணி நேரத்துக்கு அது சிம்மாசனமாக இருந்தது. அளவையாளர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

பிறகு கித்தான் வந்தது. பாதி மக்கிப்போயிருந்தது. மச்சான் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினான். சிவப்பு எழுத்தில் 'உட்காரக்கூடாது' மட்டும் மிச்சமிருந்தது.

அவன் கையில் இருந்த தூரிகை அப்படியே நின்றது. குன்றின் காற்றுகூட என்ன நடக்கிறது என்று பார்க்க நின்றுவிட்டது, இதை அந்த மாணவி குறித்துக்கொள்ளவில்லை.

"மாமா" என்றான் என்னைத் திரும்பிப் பார்க்காமல். "அன்னிக்குப் பனியில, முதல் வண்டி யாரோடது?"

"என்னோடதுதான்."

"சத்தம் கேட்டிருக்குமே."

"கேட்டுது."

"ரெண்டாவது வண்டி?"

"அதுவும் என்னோடது."

மனைவி பிளாஸ்கின் மூடியைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். "இருபத்தேழு நாள் நின்னான்" என்றாள். தம்பியிடம் சொன்னாளா என்னிடம் சொன்னாளா தெரியாது. மூடியைத் திருகி மூடினாள். எனக்கு அன்று டீ இல்லை.

மச்சான் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். மாணவர்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் நல்ல பிள்ளை, "சார், இது பின்னால புதைச்சதா இருக்கலாமே? மேலேருந்து குழி போட்டு" என்று வழி எடுத்துக் கொடுத்தான். மச்சான் வெட்டிய சுவரைப் பார்த்தான். அடுக்குகள் நாற்காலியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக, கலையாமல் வளைந்து கிடந்தன. குழி போட்ட தடம் இல்லை. அவன் நினைத்திருந்தால் ஒரு குழியை வரைந்திருக்கலாம். வரைபடத்தில் அறுநூறு தப்படிக் கரையை வரைந்தவனுக்கு ஒரு குழி என்ன கஷ்டம்?

"குழி இல்லப்பா" என்றான். அளவையாளர் பக்கம் திரும்பினான். "புள்ளிக்கோட்டை எடுத்துடுங்க."

"எடுக்கறதுக்குப் படிவம் இல்லைங்களே" என்றார் அவர். "போடறதுக்கு மட்டும்தான் இருக்கு."

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சமையலறைக்கு வந்து மஞ்சள் கோட்டின் மேல் வெள்ளை வண்ணத்தால் இன்னொரு கோடு போட்டார். புதுக் கோடு போட்டதாகப் படிவத்தில் எழுதிக்கொண்டார். தோட்டத்துப் பலகையை எடுக்கவும் படிவம் இல்லை. அது அங்கேயே இருக்கிறது. பள்ளிக்கூட வண்டிகளும் வருகின்றன.

மச்சானுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. தோண்டுகிறவர்களின் சொந்த மண் எப்படிப் பழங்காலமாக வேஷம் போடும் என்று ஒரு புதுக் கட்டுரை எழுதினான். என் வண்டியின் சக்கரம் இடப்பக்கம் இழுத்த கோணத்தை மேட்டிலிருந்தே கணக்கிட்டான். அது முந்தின புத்தகத்தைவிட நன்றாகப் போகிறது. ஆறு ஊர்களில் மற்ற பேராசிரியர்கள் தங்களுடைய மூன்றாவது சுற்றுகளைப் பார்த்துத் தூக்கம் கெட்டிருக்கிறார்களாம்.

எனக்குத்தான் தீர்ப்பு வந்தது. மூட்டைகளைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கி, அடுப்பை மூட்டிய முதல் நாள், மனைவி சாப்பாட்டு மேசையிலிருந்த என் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள்.

"எத்தனை நாளைக்கு?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா?"

மச்சான் தினமும் மதியம் வந்தான். தண்டனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். என் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்து சாப்பிட்டான். "இன்னும் பத்தொன்பது நாள் மாமா." "இன்னும் பதினஞ்சு." நான் வெள்ளைக் கோட்டின் மேல் நின்று, தட்டைக் கையில் பிடித்து, ஜன்னல் வழியாகக் குன்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். பழகிப்போனது. நின்று சாப்பிட்டால் சாப்பாடு நேராக இறங்குகிறது.

பதினேழாம் நாள், மனைவி அவனுக்குப் பரிமாறிவிட்டுத் தன் தட்டைப் போட்டுக்கொண்டாள். மேசைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து, கோட்டின் மேலேயே நின்று, சாப்பிட ஆரம்பித்தாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள். "முட்டி வலி. உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை."

மச்சான் மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். எழப் போகிறான் என்று நினைத்தேன்.

"என்னைப் பார்க்காதீங்க" என்றான். "நான் என் பங்கை ஏற்கெனவே நின்னுட்டேன்."